குழாயுடைய ஒலிப்பெட்டியும் பரிவு மீடிறனும்

வெற்றுப் போத்தலின் வாயில் ஊதுங்கால் ஒலியெழும் முறையே, மோட்டார்க் கார்களிற் பொருத்தப்படும் குழாயுடைய தாழ்சுருதி ஒலிப்பெட்டிக்கும் அடிப்படையாகும். பெட்டியினுள் அடைபட்ட வளி சுருள்வில்லாகவும், குழாயிலுள்ள வளி அதனோடிணைந்த திணிவாகவும் தொழிற்படும். எனவே பெட்டியின் கனவளவும் குழாயின் பரப்பும் நீளமுமே பரிவு மீடிறனைத் தீர்மானிப்பன. ஒலிபெருக்கியும் குழாயும் அடைக்கும் இடம் நீங்கலாக 50 லீற்றர் கனவளவுடைய பெட்டியை, 10 சதமமீற்றர் விட்டமுள்ள குழாயினால் 35 ஹேட்ஸுக்கு இசைவிக்கச் சூத்திரம் தரும் நீளம் 38 சதமமீற்றர். ஆயினும் குழாய் முனைகளுக்கு அப்பாலுள்ள வளியும் உடனசைவதால், வெட்டவேண்டிய நீளம் ஏறத்தாழ 31 சதமமீற்றரே.

எந்த ஒலிபெருக்கிக்கு எப்பெட்டி பொருந்தும் என்பதைக் கணித்தறிய வழிசெய்தோர், 1961 இல் அவுஸ்திரேலியரான நெவில் தீலும், அவரைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த றிச்சேட் ஸ்மோலும் ஆவர்.

பரிவு மீடிறனிற் கூம்பு மிகச் சிறிதே அசையும். ஒலியின் பெரும்பகுதி குழாய்வழியே வெளிவரும். இந்நன்மைக்குரிய விலை அதற்குக் கீழேயுள்ளது. அங்கு வளி குழாயினூடே எளிதில் வெளியேறுவதால், தடுக்கும் அமுக்கமின்றிக் கூம்பு எல்லைமீறி அசைந்து சிதையக்கூடும். ஆதலின் அத்தாழ் மீடிறன்களை வடிகட்டி நீக்காது இப்பெட்டியை உரத்து இயக்குதல் தகாது. காரின் மூடிய உள்ளிடமோ தாழ்ந்த ஒலிகளைத் தானே மிகைப்படுத்துவது. வீட்டறைக்கென வகுத்த பெட்டியை மாற்றமின்றி அங்கு வைப்பின், ஏனைய ஒலிகளை அது மூழ்கடித்துவிடும்.