மூன்றணாக் கணக்கு

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. நிலநடுக்க அளவு 8. மூங்கேர் நகரத்தில் கடைத்தெரு இருந்த இடம் செங்கல் மேடானது. காத்மாண்டுவில் தரகரா கோபுரம் சரிந்தது. இரண்டு பக்கமுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சீதாமடியில் தொடங்கிப் பூர்ணியா வரை பூமி பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. வயல்களில் மணல் படிந்தது, கிணறுகள் தூர்ந்துபோயின. வீடு தப்பித்தவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. கரும்பு முற்றி நின்ற பருவம் அது. அரைக்க வேண்டிய சர்க்கரை ஆலைகள் பல நொறுங்கிக் கிடந்தன.

ராஜேந்திர பிரசாத் அப்போது கைதி. உடல் நலமின்றி பாட்னாவில் சிகிச்சையில் இருந்தவரை இரண்டு நாளில் அரசு விடுதலை செய்தது. அவர் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு உருவாயிற்று. நேரு வந்து மூங்கேரில் மண்வெட்டி பிடித்து இடிபாடுகளை அள்ளினார். ராமகிருஷ்ண மிஷன் துறவிகள் வந்தார்கள். நாடு முழுவதிலுமிருந்து பணம் குவிந்தது. அதில் செல்வந்தர் தந்ததும் உண்டு, பள்ளிப் பிள்ளைகளின் காலணாவும் உண்டு.

அந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்க வந்தவர் தஞ்சாவூரில் பிறந்தவர். ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றவர். ஊர் ஊராக நிவாரண முகாம்கள், ஒவ்வொன்றிலும் தொண்டர்கள், தினம் வரவு, தினம் செலவு. அந்தக் குழப்பத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வழி தெரிய வேண்டும் என்று அவர் உட்கார்ந்தார். தொண்டர் ஒருவரின் ஒருநாள் சாப்பாட்டுக்கு நிவாரண நிதியிலிருந்து மூன்றணா என்று வரம்பு வைத்தார். அதற்கு மேல் யாருக்கும் இல்லை.

காந்தி தம் பரிவாரத்துடன் பீகாருக்கு வந்தபோது அந்த வரம்பு சோதனைக்கு வந்தது. காந்தி குழுவினரின் செலவு மூன்றணாவுக்குள் அடங்காது. குமரப்பா, காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம், உங்கள் குழுவின் செலவை நிவாரண நிதி ஏற்காது என்று சொல்லிவிட்டார். காந்தி கூப்பிட்டுக் கேட்டார். இது துயரப்பட்டவர்களுக்காக மக்கள் நம்பிக் கொடுத்த பணம் என்று குமரப்பா விளக்கினார். காந்தி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைக் கண்டிப்புக்கு உதாரணமாகப் பலர் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. தொண்டர்கள் பட்டினியாக உழைக்க வேண்டும் என்று குமரப்பா சொல்லவில்லை. மூன்றணா கொடுத்தார், அதைப் பேரேட்டில் எழுதினார். நிவாரணம் செய்பவரும் சாப்பிட வேண்டும், பயணம் போக வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதை மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஓர் எல்லையும் வைத்தார். இன்று நன்கொடை கொடுக்கும் பலர், என் பணத்தில் ஒரு பைசாகூட நிர்வாகத்துக்குப் போகக் கூடாது என்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அது அந்த அமைப்பைப் பொய்க்கணக்கு எழுதத் தூண்டும், அல்லது கணக்கே எழுத ஆளில்லாமல் செய்யும். எவ்வளவு நிர்வாகச் செலவு, எதற்கு என்று கேளுங்கள். பூஜ்யம் என்று பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

பீகாருக்கு இன்னொருவரும் வந்தார். பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். முதல் உலகப் போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைத் திரும்பக் கட்டுவதற்காக 1920-ல் பல நாட்டு இளைஞர்களைத் திரட்டிய சமாதானத் தொண்டர். அவர் பீகார் வந்து சேர்ந்தபோது நிலநடுக்கம் நடந்து மாதங்கள் ஆகியிருந்தன. பத்திரிகைகளின் கவனம் வேறு பக்கம் போயிருந்தது. ஆனால் ஆட்டத்தில் தரைமட்டம் மாறியிருந்ததால், முன்பு தப்பித்த கிராமங்களுக்குள்ளும் இப்போது வெள்ளம் புகுந்தது. மக்களை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் ஊரைப் புதிதாக எழுப்ப வேண்டியிருந்தது. செரசோலும் அவருடன் வந்த சில இளைஞர்களும் முசாஃபர்பூர் பக்கத்துக் கிராமத்தாரோடு மண் சுமந்தார்கள். அப்படி எழுந்த ஊர்களில் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். 1937 வரை அந்த வேலை நடந்தது.

முதல் வாரத்தில் ஓடி வருகிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. இடிபாட்டுக்குள்ளிருந்து உயிரோடு மீட்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் மீட்கப்படுகிறவர்கள்தான். அதைச் செய்பவர்கள் அண்டை வீட்டார். தொலைவிலிருக்கும் நாம் அந்த நேரத்துக்கு எதையும் கொண்டு சேர்க்க முடியாது. நம் பணம் பலன் தரும் காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

81 ஆண்டுகள் கழித்து, 2015 ஏப்ரல் 25 அன்று, நேபாளம் மறுபடி ஆடியது. நிலநடுக்க அளவு 7.8. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். திரும்பக் கட்டியிருந்த தரகரா கோபுரம் மீண்டும் விழுந்தது. உலகம் முழுவதிலுமிருந்து விமானங்கள் கிளம்பின. ஆனால் காத்மாண்டு விமான நிலையத்துக்கு ஓடுபாதை ஒன்றுதான். அதுவும் பாரம் தாங்காமல் சேதமடையவே, 196 டன்னுக்கு மேற்பட்ட விமானங்கள் இறங்கக் கூடாது என்று மே மாதத் தொடக்கத்தில் தடை போட்டார்கள். எங்கோ பெட்டி கட்டி அனுப்பிய போர்வையும் பிஸ்கட்டும் மருந்துக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டன. இதில் நமக்கும் அனுபவம் உண்டு. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் மலை மலையாகக் கிடந்தன. எல்லாம் இழந்து நின்ற மீனவப் பெண்கள் பிறர் உடுத்திக் கழித்ததைத் தொட மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. அனுப்ப வேண்டியது ரொக்கம். அதைக் கொண்டு அருகிலுள்ள சந்தையில் அரிசியும் தார்ப்பாயும் வாங்கினால் லாரி வாடகை மிச்சம், அடிபட்ட ஊரின் கடைக்காரருக்கும் வியாபாரம்.

நேபாளத்தில் நான் கவனிக்கச் சொல்வது யுனைடெட் மிஷன் டு நேபாள் என்ற அமைப்பை. பல நாட்டுத் திருச்சபைகள் சேர்ந்து 1954-ல் தொடங்கியது. மதம் மாற்றும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசு அனுமதித்தது. காத்மாண்டு பள்ளத்தாக்கில், முன்பு நாட்டை ஆண்ட ராணாக்களின் பழைய அரண்மனை ஒன்றில் அவர்கள் நடத்திய சாந்த பவன் ஆஸ்பத்திரி, 1982-ல் பாட்டன் மருத்துவமனையாக வளர்ந்து, பின்னர் நேபாளத்தார் கைக்கே போயிற்று. 2015-ல் அடிபட்டவர்களைத் தாங்கிய மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. நிலநடுக்க நிதி என்று எந்தப் பெயரும் இல்லாத காலத்தில், யாரோ கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம், பயின்ற செவிலியர்! ராமகிருஷ்ண மிஷனின் கதையும் இப்படித்தான். மிஷன் தொடங்கிய 1897-லேயே முர்ஷிதாபாத் பஞ்சத்தில் நிவாரண வேலையில் இறங்கிய சுவாமி அகண்டானந்தர் பஞ்சம் தீர்ந்த பிறகும் அங்கிருந்து கிளம்பவில்லை. அநாதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கேயே ஆசிரமம் நடத்தினார்.

எந்த மதத்தின் பெயரில் இயங்கினாலும் சரி, அரிசிப் பையோடு பிரார்த்தனையையும் கட்டாயமாகக் கொடுக்கும் அமைப்புக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிர்க்கதியாக நிற்பவரிடம் கேட்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல.

நேபாள அரசு, வீடு இழந்த குடும்பத்துக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் என்று அறிவித்தது. அது மூன்று தவணையில் வந்தது: முதலில் ஐம்பதாயிரம், அடித்தளம் விதிப்படி போட்டதைப் பொறியாளர் பார்த்த பின் ஒன்றரை லட்சம், சுவர் எழும்பிய பின் ஒரு லட்சம். திட்டம் நல்ல திட்டம். ஆனால் மகன்கள் வளைகுடா நாடுகளில் இருக்க, மலைக்கிராமத்தில் தனியாக இருந்த மூதாட்டியால் ஐம்பதாயிரத்தில் அடித்தளம் போட முடியாது; கல் சுமந்து மேலே ஏற்றும் கூலிக்கே பெரும்பகுதி போய்விடும். பட்டா இல்லாதவருக்கு முதல் தவணைக்கே வழியில்லாமல் இருந்தது. கொத்தனாருக்கு மூலையில் கம்பி எப்படி வளைப்பது, கற்சுவரில் எத்தனை அடிக்கு ஒரு பட்டை போடுவது என்று கற்றுத்தர ஆள் வேண்டியிருந்தது. ஏப்ரலில் ஆடிய பூமிக்கு அரசின் மறுகட்டுமான ஆணையமே டிசம்பரில்தான் அமைந்தது.

அந்த இடைவெளியில் மலையேறிப் போய், மனு எழுதிக் கொடுத்து, அடித்தளத்துக்குப் போதாத தொகையைப் போட்டு, கொத்தனாருக்கு ஒரு வாரப் பயிற்சியும் கூலியும் தருகிற வேலையைத்தான் ஏற்கெனவே அந்த ஊரில் இருக்கும் தொண்டு அமைப்பு செய்யும். அதற்கு நன்கொடை திரட்டுவது கடினம். புகைப்படத்தில் தெரியாத வேலை. ஆகவே அடுத்து எங்கேனும் பூமி அதிரும்போது, கொடுக்க நினைக்கும் தொகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி உடனே போகட்டும். மறு பாதியை ஆறாவது மாதம், அந்த ஊரின் பெயரைச் செய்திகள் மறந்திருக்கும்போது, அதே அமைப்புக்கு அனுப்புங்கள். போர்வைக்கு, பாலுக்கு என்று குறிப்பு எழுத வேண்டாம். தேவைப்படும் இடத்தில் செலவிடுங்கள் என்று எழுதுங்கள். முதல் பாதிக்கான தணிக்கை செய்த கணக்கையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.