கடன் நம்முடையது, பலகை கம்பெனியுடையது!

ராமநாதபுரம் அரண்மனை வாசலிலிருந்து பஸ் நிலையம் வரையில் ஒரு மாலை வேளையில் காலாற நடந்து பாருங்கள். முன்பெல்லாம் கடைப் பலகைகளில் குலதெய்வத்தின் பெயரோ, தகப்பனாரின் பெயரோ, மூத்த மகளின் பெயரோ இருக்கும். முதலாளி யார் என்பதைப் பலகையைப் பார்த்தே ஒருவாறு ஊகித்துவிடலாம். இப்போதோ பல கடைகளின் நெற்றியில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பார்த்த அதே பெயர், அதே வர்ணம், அதே எழுத்து. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் நம்மூர்க்காரர்; பட்டணங்காத்தானிலோ தேவிபட்டினத்திலோ பிறந்தவர். முதல் அவருடையது, கடன் அவருடையது, வாடகை கொடுப்பவரும் அவரே. பெயர் கம்பெனியுடையது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'பிரான்சைஸ்' என்று பெயர்.

வளைகுடா நாட்டில் பதினைந்து வருஷம் பாடுபட்டு, கையில் சில லட்சங்களோடு ஊர் திரும்பும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். இனிமேல் வெளிநாடு வேண்டாம், பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. தொழில் எதுவும் தெரியாது. "தெரியாவிட்டால் என்ன? நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். சரக்கு எங்களுடையது, விளம்பரம் எங்களுடையது. பணத்தை மட்டும் போடுங்கள்!" என்று ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. மனிதர் மயங்காமல் என்ன செய்வார்?

மயங்குவது குற்றமன்று. பிறருடைய சரக்கைப் பிறர் பெயரில் விற்றுப் பிழைப்பது இந்தக் கரைக்குப் புதிதும் அன்று.

ஓடும் ரயிலிலிருந்து விழுந்த கட்டு

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் பத்திரிகை ஏஜண்டாக இருந்தவர் சம்சுதீன். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே ஏஜண்டு. பாம்பனிலிருந்து வரும் காலை ரயிலில் கட்டு வந்து இறங்கும். யுத்தம் முற்றியதும் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தாயிற்று. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ஓடுகிற வண்டியிலிருந்தே கட்டை வெளியே வீசினார்கள். அதைப் பொறுக்கி எடுக்க ஒரு கையாள் வேண்டியிருந்தது. உறவுக்காரச் சிறுவன் ஒருவனை அமர்த்திக்கொண்டார். அந்தச் சிறுவன்தான் 2002-இல் நாட்டின் ஜனாதிபதியான அப்துல் கலாம். அவர் வாழ்நாளில் முதன் முதலாகச் சம்பாதித்த கூலி அதுதான்.

இந்தக் கதையை எல்லோரும் கலாமுக்காகச் சொல்வார்கள். நாம் சற்று சம்சுதீனைப் பார்ப்போம். சரக்கு வரும் வழி அவர் கையில் இல்லை. ரயில் நிற்பதும் நிற்காததும் அவரைக் கேட்டு நடப்பதன்று. ஆனாலும் தொழில் கவிழவில்லை. ஏனெனில் அவர் போட்டிருந்த முதல் பெரும்பாலும் கால் நடைதான். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனப் பெட்டி, கம்பெனி சொன்ன வர்ணம் என்று லட்சக்கணக்கில் முடக்கியிருந்தால், ரயில் நிற்காத அன்றே அவர் நின்றிருப்பார்.

வாடகைக் கப்பல்

இன்னும் முன்னே போவோம். 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் அல்லவா? அதன் தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட அதே ராமநாதபுரத்துத் தேவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கடன் வாங்காமல் பங்கு சேர்த்து முதல் திரட்டிய முறை அது.

ஆனால் ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியாரிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஷா லைன்காரர்களை மிரட்டியது. அவர்கள் கப்பல்களைத் திருப்பிக்கொண்டார்கள். பெயர் இருக்கிறது, பங்குதாரர் இருக்கிறார்கள், பயணிகள் காத்திருக்கிறார்கள், கப்பல் மட்டும் இல்லை! வ.உ.சி. இலங்கைக்கு விரைந்து வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்து நிலைமையைச் சமாளித்தார். சொந்தக் கப்பல் வேண்டும் என்ற பிடிவாதம் அதற்குப் பிறகுதான் முற்றியது. 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பின்னால் அடக்குமுறையும் கட்டணப் போட்டியுமாகச் சேர்ந்து 1911-இல் கம்பெனியை மூட வைத்தது வேறு கதை.

பெப்சிப் பாசி

இவையெல்லாம் பழங்கதை என்பவர்கள் மண்டபம், முனைக்காடு, சம்பை, ஓலைக்குடா பக்கம் போய் விசாரிக்கலாம். அங்கே கடலில் ஒரு பாசி வளர்கிறது. அதன் சாஸ்திரப் பெயர் கப்பாபைகஸ். ஊர்ப் பெண்கள் அதற்கு இட்ட பெயர் 'பெப்சிப் பாசி'!

பாசி எடுப்பது இந்தக் கரையில் வெகு காலமாகப் பெண்களின் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்துக் கரை சேர்ப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு இந்தத் தொழிலுக்குக் கெடுபிடி வந்துவிட்டது. இதற்கிடையில், பிலிப்பைன்ஸ் கடலைப் பூர்வீகமாகக் கொண்ட கப்பாபைகஸை, மண்டபத்திலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தார் 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே வளர்த்துப் பார்த்தார்கள். அதிலிருந்து எடுக்கும் பசைப் பொருள் ஐஸ்கிரீம் முதல் பற்பசை வரை பலவற்றைக் கெட்டிப்படுத்த உதவுகிறது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி பெப்சி கம்பெனி இதை வியாபாரமாக எடுத்துக்கொண்டது.

ஏற்பாடு எளிது. பத்தடிக்குப் பத்தடி மூங்கில் தெப்பம். அதில் கட்டுவதற்குச் சுமார் 60 கிலோ விதைப் பாசி. 45 நாளில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகும். 60 கிலோவை மறு விதைப்புக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் காயவைத்துக் கம்பெனிக்குப் போடலாம். ஆளுக்கு 45 தெப்பம் என்றால் தினம் ஒரு தெப்பம் அறுக்கலாம். சுய உதவிக் குழுக்களுக்குப் பாங்குக் கடன் கிடைத்தது. அரசு மானியமும் சேர்ந்தது. கடலில் மூழ்கி மூச்சடக்கிய பெண்கள் பலர், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முன்னைவிட அதிகமாகச் சம்பாதித்தார்கள். அதை மறுப்பது நியாயமன்று.

இது பிரான்சைஸ் அன்று. அதன் நெருங்கிய உறவு என்று சொல்லலாம். விதை, முறை, விற்பனை மூன்றும் ஒரே வாசலில் இருந்தன. தெப்பமும் கயிறும் கடனும் பெண்களுடைய வாசலில் இருந்தன. 2008-இல் பெப்சி இந்தத் தொழிலை 'அக்வாக்ரி' என்ற வேறு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது. அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு கம்பெனிக்காரர்கள். தெப்பம் கட்டியவர்கள் அல்லர். அதே சமயத்தில், பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் படர்வதாக விஞ்ஞானிகள் எழுத, எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்ற வழக்கும் வளர்ந்தது. 2013-க்குப் பிறகு கடல் நீர் சூடேறி, நோய் கண்டு, விளைச்சல் சரிந்தது. விதையே அழிந்துபோனால் மறு விதைப்பு ஏது? பாசி செத்தால் கம்பெனி வேறு கடலில் வாங்கிக்கொள்ளும். மூங்கில் வாங்கிய கடனை வேறு கடலில் தள்ள முடியுமா?

இப்போது தொண்டி அருகே வளமாவூரில் ரூ. 127 கோடித் திட்டமாகக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். நல்ல விதைக்கும் பரிசோதனைக்கும் வழி பிறந்தால் மெத்தச் சந்தோஷம். வாங்குகிறவர் ஒருவரா, பலரா என்பதையும் அந்தப் பெண்கள் கேட்டுவைக்க வேண்டும்.

டீக்கடைக் கணக்கு

நம் வளைகுடா நண்பரிடம் திரும்புவோம். ராமேஸ்வரத்தில் ஒரு பெயர் பெற்ற டீக்கடைப் பலகையை எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டு, ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம்.

கம்பெனிக் கட்டணம் 3 லட்சம், டிபாசிட் 1 லட்சம், கடை அலங்காரமும் சாமான்களும் 4 லட்சம், கட்டட அட்வான்ஸ் 1 லட்சம், முதல் சரக்கு 1 லட்சம். ஆக 10 லட்சம். கைப்பணம் 3 லட்சம் போக, 7 லட்சம் பாங்குக் கடன். வட்டி 11 சதவீதம், ஐந்து வருஷத் தவணை என்றால், மாதம் சுமார் ரூ. 15,220.

தினம் 400 டீ, ஒரு டீ 15 ரூபாய். மாதம் ரூ. 1,80,000 விற்பனை. பாதி, அதாவது 90,000, சரக்குக்குப் போய்விடும். விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி 9,000. மூன்று ஆள் சம்பளம் 40,000. வாடகை 15,000. காஸ், மின்சாரம் 9,000. மிச்சம் 17,000. தவணை கட்டினால் கையில் நிற்பது ரூ. 1,780. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நின்றதற்கு அதுதான் கூலி.

விற்பனை கால்பங்கு குறைந்தால்? 1,35,000 வரும். சரக்கும் ராயல்டியும் குறையும். சம்பளமும் வாடகையும் குறையா. தவணைக்கு முன்பே 3,250 துண்டு விழும். தவணையையும் சேர்த்தால் மாதம் ரூ. 18,470 வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நகை அடுக்குக்கு அப்போதுதான் கை போகும்.

ராமேஸ்வரத்தில் கால்பங்கு குறைவது அதிசயமா? தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அக்கினி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிராது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் போய்ப் பாருங்கள்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால், மீனவர் கைதாகி வேலைநிறுத்தம் நடந்தால், கடைத்தெருவே சோர்ந்துவிடும். சொந்தக் கடைக்காரர் அந்நாட்களில் ஓர் ஆளைக் குறைப்பார், சுண்டலோ இடியாப்பமோ போட்டு ஈடு கட்டுவார். கம்பெனிப் பலகைக்காரருக்கு அந்தச் சுதந்திரம் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. தவணைக்கோ அமாவாசையும் தெரியாது, மீன்பிடித் தடையும் தெரியாது.

பத்திரத்தில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் 1979 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. கையெழுத்துக்கும் பணத்துக்கும் 14 நாள் முன்னதாக, கம்பெனி தன் வழக்குகள், மூடிய கடைகள், வாங்கும் கட்டணங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மலேசியாவில் 1998-இலேயே தனிச் சட்டம் செய்துவிட்டார்கள். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டந்தான் துணை. ஆகவே, கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை கொஞ்சமா? அடுத்த தெருவில் இன்னொருவருக்கும் இதே பலகையைக் கொடுப்பார்களா? தூளை அவர்களிடந்தான் வாங்க வேண்டுமென்றால் விலையை யார் வைப்பது? ராயல்டி விற்பனையில் சதவீதமா, அல்லது விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகையா? ஒப்பந்தம் மூன்று வருஷம், கடன் ஐந்து வருஷம் என்றால் மீதி இரண்டு வருஷம் எந்தப் பலகையின் கீழ் உட்காருவது? இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரிய இடத்திலேயே இது தகராறாகியிருக்கிறது. வட, கிழக்கு இந்தியாவில் மக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய கூட்டாளியோடு பிணக்கு முற்றி, 2017-இல் 169 கடைகளின் உரிமத்தைக் கம்பெனி ரத்து செய்தது. 2019 வரை இழுத்து ஒரு சமரசத்தில் முடிந்தது. வழக்கறிஞர் படையுள்ளவர்களுக்கே இரண்டு வருஷம்!

கம்பெனியே பொய்யாக இருப்பதும் உண்டு. அமுல் பெயரில் போலி இணையத்தளம் வைத்து, ஏஜென்சி தருவதாகப் பணம் பறித்தவர்கள்மீது டில்லி ஹைகோர்ட் 2020-இல் தடை உத்தரவு போட்டது. ஈமுக் கோழியை வாங்கி வளருங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று பெருந்துறையில் பணம் திரட்டிய கம்பெனி 2012-இல் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பணம் எங்கே கிடைக்கும்?

2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் ரூ. 50,000 வரை 'சிசு', 5 லட்சம் வரை 'கிஷோர்', 10 லட்சம் வரை 'தருண்'. தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை 2024 முதல் உண்டு. ஈடு கேட்கக்கூடாது. பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். ஆனால் அது மூன்று வருஷம் பாங்கிலேயே முடங்கி நிற்கும், கைக்கு வராது. மாநில அரசின் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டாம். 2003-இல் தடைச் சட்டம் வந்தும் ஆள் மறையவில்லை. முன்பணம் வாங்கிய படகுக்காரர் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டியிருக்கிறதே, அந்த முடிச்சும் இந்தக் கரைக்குத் தெரிந்ததுதான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாங்கு மானேஜர் கடன் கொடுத்துவிட்டார் என்பதனால் தொழில் நல்லது என்று அர்த்தமில்லை. கம்பெனிக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைத்தான் அவர் பார்த்திருப்பார். அதில் எல்லா மாதமும் தை மாதமாகவே இருக்கும்!

நம் நண்பர் இதையெல்லாம் தம் தாய்மாமனிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாமனார் பழைய மளிகைக்காரர்.

"மாப்பிள்ளை, இதே பலகை பரமக்குடியில் இருக்குன்னு சொன்னீயே?"

"இருக்கு மாமா."

"ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போ. எதிர்த்த கடைத் திண்ணையிலே மூணு நாள் உட்காரு. எத்தனை டீ போகுதுன்னு எண்ணு. கம்பெனிக்காரன்கிட்டே கேக்காதே."

முதல் நாள் அந்தக் கடைக்காரர் இவரைச் சந்தேகமாகப் பார்ப்பார். இரண்டாம் நாள் பையனை விட்டு யார் என்று விசாரிப்பார். மூன்றாம் நாள் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த வேளையில், அவரே ஒரு டீயோடு தெருவைக் கடந்து வந்து, "நீங்களும் எடுக்கப் போறீங்களா, தம்பி?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து போன மாதத்துக் கம்பெனி பில்லை எடுத்து விரிப்பார்.