கரிகாலனின் உறங்காத இரவுகள்

வாளும் மந்திரவாதமும் விரவிய நெடுங்கதை என்றால் அது மேனாட்டுச் சரக்கு என்றே நம் இளைஞர் எண்ணுகின்றனர். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் அவ்விரண்டும் குறைவின்றி உண்டு. திருப்புறம்பயம் பள்ளிப்படையில் சதிக்கூட்டம் நடத்தும் ரவிதாஸன், மந்திரவாதி என்ற பெயரில் பழுவூர் இளையராணியின் மாளிகைக்குள் நுழைகிறான். ஆந்தையின் அலறலே அவன் வருகைக்கு அடையாளம்! மூன்றாம் பாகத்தின் பெயரே 'கொலை வாள்'.

ஆடுகோடியில் வாழும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் நாவில் உண்டு, கண்ணில் இல்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். ஆதலின் இரவுதோறும் ஓர் அத்தியாயம் வாய்விட்டு வாசிப்பதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். ரயில்வே உத்தியோகத்தில் இரவு முறை வந்தால் வாசிப்பு நின்றுவிடும். அவ்வாறு நின்ற ஒரு வாரத்தில், காத்திருக்கப் பொறாத நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுத்துக்கூட்டித் தானே படிக்கத் தொடங்கிவிட்டாள்.

பிள்ளைகள் எல்லோரும் வந்தியத்தேவன் பக்கம். நம் மனமோ ஆதித்த கரிகாலனையே நாடுகிறது. காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனை, நந்தினி உயிர்ப்பிச்சை கேட்டுக் கதறியும், வெட்டி வீழ்த்தியவன் அவன். அன்று முதல் அவள் முகம் அவனை விடுவதில்லை. காஞ்சியில் தந்தைக்குப் பொன் மாளிகை எழுப்புகிறான். உறக்கம் மட்டும் வரவில்லை. சினமும் கழிவிரக்கமும் மாறி மாறி அலைக்க, கடம்பூர் மாளிகையில் தன் முடிவைத் தானே தேடிச் செல்கிறான். இவனை வீரன் என்பதா, பாவி என்பதா? கல்கி இரண்டையும் சொல்லவில்லை. அதுவே அவருடைய பெருமை என்போம்.

நந்தினி கற்பனை. ரவிதாஸன் அப்படியல்லன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டுகிறது அது. அவர்கள் உறவினரின் நிலங்களும் பறிபோயின. மந்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

கல்லில் தமிழ் காண அத்தனை தொலைவு போகவேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள மடிவாளம் சோமேசுவரர் கோயிற்சுவரிலேயே பழந்தமிழ் எழுத்துகள் உள்ளன. சிறுமியை அங்கே அழைத்துச் சென்றோம். இரண்டு மூன்று எழுத்துகளை இனங்கண்டவள், "கரிகாலனைக் குத்தியது யார் என்று இதில் போட்டிருக்கிறதா, மாமா?" என்றாள்.

கதையிலும் அது இருளில் நடந்ததுதான். எங்கள் வீட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது.