பேச்சு வந்தும் வராத மொழி

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் சாச்சியும் அவரது மகளும் கொழும்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். தரம் 3 வரை எங்கள் ஊர்ப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படித்தவள் அவள். சாச்சாவின் வியாபாரம் கொழும்புக்கு மாறியதும் அங்கே ஒரு சர்வதேச பாடசாலையில் சேர்த்துவிட்டார்கள். இப்போது தரம் 6. மூன்று வருடத்துக்குள் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறாள். அதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டு மாமி இரண்டு தடவை சீனி கேட்டு வந்து போனார்.

ஆனால் இரவு குசினியில் சாச்சி உம்மாவிடம் சொன்ன கதை வேறு. தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 34 புள்ளிகள். வகுப்பில் வாய் திறப்பதில்லை, மெதுவாகத்தான் கற்கிறாள் என்று தேர்ச்சி அறிக்கையில் ஒரு குறிப்பு. பாடசாலை நாட்களில் காலையில் வயிற்று வலி. வான் வந்து ஹோர்ன் அடித்தால் வலி கூடும். வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். சனி, ஞாயிறில் அந்த வலி வருவதே இல்லை.

இவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை, அதே ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் பாடத்தில் ஏன் தடுமாறுகிறாள்? ஆர்வமில்லை, எந்நேரமும் போன் பார்க்கிறாள், கண்ணூறு பட்டுவிட்டது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உயர்தர வகுப்பில் படிக்கிறேன் என்பதற்காக அவளை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த விடுமுறையில் நான் கண்டதையும், அதன் பின் தேடி வாசித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் அவளுடைய வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். குளிர்ந்த நீர் உள்ள கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவது பற்றி ஒரு வினா. 'அக்கவுண்ட் ஃபார்' என்று அது தொடங்கியிருந்தது. காரணம் கூறுக என்பதே அதன் பொருள். அவளோ 'அக்கவுண்ட்' என்றால் கணக்குத்தானே என்று எண்ணி, படத்தில் இருந்த துளிகளை எண்ணி 17 என்று எழுதி வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது.

சற்று நேரம் கழித்து, குளிரூட்டியிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து மேசையில் வைத்தேன். வெளியே துளிகள் அரும்பியதும் தமிழில் கேட்டேன். "இந்தத் தண்ணி எங்கிருந்து வந்த? கிளாஸ் ஓட்டையா?"

"இல்ல ராத்தா, இது காத்துல இருக்கிற ஆவி. குளிர்ல பட்டுத் தண்ணியாகுது. உம்மம்மா சோத்துப் பானை மூடியத் தூக்கினா சொட்டுமே, அது மாதிரி."

முழுப் புள்ளி கொடுக்க வேண்டிய விடை. ஒடுங்கல் என்ற தத்துவத்தை விளங்கியது மட்டுமல்ல, வினாத்தாள் கேட்காத ஓர் உதாரணத்தையும் தானாகவே சேர்த்துச் சொல்லிவிட்டாள். விஞ்ஞானம் அவளிடம் இருந்தது. அதை அந்தத் தாளில் கொண்டுபோய் இறக்குவதற்கான பாதைதான் இருக்கவில்லை.

இதை 1979ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் கனடாவின் ஜிம் கமின்ஸ் என்ற கல்வியியலாளர். வேறு நாடுகளிலிருந்து கனடாவில் குடியேறிய பிள்ளைகளின் உளவியல் சோதனை அறிக்கைகளை அவர் ஆராய்ந்தார். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார்கள் என்பதால் அவர்களுக்கு மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஆசிரியர்களும் உளவியலாளர்களும் முடிவுகட்டி, பரீட்சையில் பின்தங்கியபோது குறையை அவர்களது மூளையில் தேடியிருந்ததை அவர் கண்டார். எனவே மொழித் தேர்ச்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். ஒன்று உரையாடல் மொழி. மற்றது கல்வி மொழி. முதலாவது ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது. மற்றதில் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட சக மாணவரை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் வரை செல்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? விளையாட்டுத் திடலில் பேசும்போது மொழிக்கு ஆயிரம் ஊன்றுகோல்கள் இருக்கின்றன. எதிரில் இருப்பவரின் முகம், கை அசைவு, பந்து, சாப்பாட்டுப் பெட்டி எல்லாமே பொருளைச் சொல்லிவிடும். ஒரு சொல் தெரியாவிட்டாலும் கதை நிற்காது. பாடநூலில் அப்படி எதுவும் இல்லை. அங்கே சொற்கள் மட்டும்தான். அதிலும் வாய்ப்பேச்சில் ஒருபோதும் வராத சொற்கள். 'டிஸ்க்ரைப்' என்றால் நடப்பதை விபரிக்க வேண்டும். 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் ஏன் நடக்கிறது என்று விளக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் போன்ற பரீட்சைகளில் இந்த ஏவற் சொற்களுக்கென்றே வரையறைகள் உண்டு. இவற்றைத் திடலில் கற்க முடியாது. யாராவது உட்கார்ந்து கற்பித்தால்தான் உண்டு.

அவளுக்கு மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது. வாய் வந்து சேர்ந்துவிட்டது. புத்தகம் பாதி வழியில் நிற்கிறது. ஆங்கிலமே தெரியாமல் வந்து சேரும் பிள்ளைமீது எல்லோருக்கும் ஓர் இரக்கமாவது இருக்கும். நன்றாகப் பேசிக்கொண்டு பரீட்சையில் விழும் பிள்ளைக்கு மந்தம், சோம்பல் என்ற பெயர்தான் கிடைக்கிறது. நாளடைவில் அந்தப் பிள்ளையும் அதை நம்பத் தொடங்குகிறது.

வயிற்று வலிக்கு வருவோம். பதகளிப்பு சிறுபிள்ளைகளில் உடல் வலியாக வெளிப்படுவது சாதாரணம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாத வயதில் வயிறு அதைச் சொல்லிவிடுகிறது. வலி பொய்யல்ல, அவள் நடிக்கவும் இல்லை. இதற்கும் படிப்புக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒரு கணக்கைச் செய்யும்போதோ ஒரு வாக்கியத்தை விளங்கும்போதோ நாம் பயன்படுத்தும் தற்காலிக நினைவின் கொள்ளளவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் சில விடயங்களையே அது தாங்கும். ஆங்கில வினாவை மனதுக்குள் தமிழாக்கி, விடையை மீண்டும் ஆங்கிலமாக்கும் பிள்ளைக்கு அதில் பாதி இடம் போய்விடுகிறது. பிழையாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து குந்துகிறது. மிச்சமிருக்கும் சந்தில் விஞ்ஞானம் எப்படி நுழையும்? கற்றல் வேறு, மனநலம் வேறு என்று நாம் பிரித்துப் பேசினாலும் பிள்ளையின் தலைக்குள் இரண்டுக்கும் ஒரே அறைதான்.

அவளுடைய வகுப்பில் தமிழிலோ சிங்களத்திலோ கதைத்தால் மொனிட்டர் பெயர் எழுதுவாராம். மூன்று தடவை பெயர் வந்தால் இடைவேளை இல்லையாம். தெரியாததைப் பக்கத்தில் இருக்கும் தமிழ் பேசும் பிள்ளையிடம் கேட்கவும் முடியாது, டீச்சரிடம் ஆங்கிலத்தில் கேட்கவும் வராது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே புத்திசாலித்தனம்? தேர்ச்சி அறிக்கையில் குற்றமாக எழுதப்பட்ட அந்த மௌனத்தைப் பாடசாலையே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

சர்வதேச பாடசாலை என்ற எண்ணம் தொடங்கிய இடத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1924இல் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்திலும் சர்வதேச தொழில் தாபனத்திலும் பணியாற்ற வந்த பல நாட்டவரின் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை உருவானது. அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டுமே கற்பித்தல் மொழிகளாயின. பல மொழிப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள் என்பதை எதிர்பார்த்தே அது கட்டப்பட்டது. நமது நாட்டில் 1957இல் ஆரம்பமான கொழும்பு ஓவர்சீஸ் ஸ்கூலும் முதலில் வெளிநாட்டவரின் பிள்ளைகளை எண்ணி வந்ததுதான். திறந்த பொருளாதாரத்தின் பின் நிலைமை மாறியது. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேச பாடசாலைகள் நகரங்கள்தோறும் முளைத்தன. இன்று அவற்றில் பெரும்பாலும் படிப்பவர்கள் வீட்டில் தமிழோ சிங்களமோ பேசும் நம் பிள்ளைகளே. பெயரில் சர்வதேசம் வந்தது. பல மொழிகளுக்கு இடம் விடும் அந்தப் பழைய ஏற்பாடு எல்லா இடத்துக்கும் கூட வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழலாம். பிள்ளையை வேற்றுமொழிக்குள் முழுதாக முக்கி எடுத்தால் தானாக நீந்தக் கற்றுக்கொள்ளும் என்கிறார்களே? அதற்கு உதாரணமாகக் காட்டப்படுவதும் கனடாதான். 1965இல் மொன்றியல் நகரின் அயலிலுள்ள சென் லாம்பேர்ட் என்ற இடத்தில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிரெஞ்சில் கற்பித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாகக் கற்றார்கள், அவர்களது ஆங்கிலமும் கெடவில்லை. உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை யாரும் குறைவாக எண்ணவில்லை. வீடு, தொலைக்காட்சி, நூலகம், எதிர்கால வேலை எல்லாமே ஆங்கிலத்துக்குத் துணையாக இருந்தன. இருந்ததன் மேல் ஒன்று கூடியது. அந்த ஆய்வோடு தொடர்புடைய வொலஸ் லாம்பேர்ட் என்ற உளவியலாளரே இதைக் கூட்டல் இருமொழியம் என்றும், புதிய மொழி வரும்போது பழையது கழன்று போவதைக் கழித்தல் இருமொழியம் என்றும் பிரித்துச் சொன்னார். தமிழ் பேசினால் இடைவேளை வெட்டப்படும் வகுப்பில் நடப்பது எது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

முதல் மொழியில் கற்றது வீணாவதில்லை என்பதற்குக் கமின்ஸ் ஓர் உவமை சொன்னார். கடலுக்கு மேலே இரண்டு சிகரங்களாகத் தெரிந்தாலும் நீருக்கு அடியில் ஒன்றாக இருக்கும் பனிப்பாறை. பனிப்பாறையை நாம் எங்கே கண்டோம்? ஒரே வளவில் வெட்டிய இரண்டு கிணறுகள் என்று நான் சொல்வேன். வாய் இரண்டாக இருந்தாலும் அடியில் ஊற்று ஒன்று. ஒடுங்கல் என்பதைச் சோற்றுப் பானை மூடியில் ஒரு தடவை விளங்கிக்கொண்டவளுக்கு அதை ஆங்கிலத்தில் மறுபடி விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெயரைக் கொடுத்தால் போதும்.

இதை உணர்ந்து நடக்கும் சர்வதேச பாடசாலைகளும் உண்டு. புதிதாக வந்த பிள்ளை சில வாரங்கள், சில மாதங்கள்கூடப் பேசாமல் இருந்தால் விட்டுப் பிடிக்கிறார்கள். அந்த மௌனத்தில் பிள்ளை கேட்டுச் சேமித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே வீட்டுமொழி பேசும் இருவரை ஒரு மேசையில் இருத்தி, முதலில் தங்கள் மொழியில் கலந்து பேசிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுத விடுகிறார்கள். விஞ்ஞான ஆசிரியரே அந்தப் பாடத்துக்குரிய ஆங்கிலத்தையும் கற்பிக்கிறார். 1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட ஐ.பி. டிப்ளோமா கற்கைநெறியில், பாடசாலையில் தன் தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாத மாணவர்கூட அம்மொழியின் இலக்கியத்தைப் பாடசாலையின் உதவியோடு சுயமாகக் கற்றுத் தோற்ற வழி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் தாய்மொழியைத் தடுப்பது சர்வதேசத் தரத்தின் நிபந்தனை அல்ல. அது சில பாடசாலைகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட சட்டம்.

வீட்டையும் சும்மா விட முடியாது. கொழும்புக்குப் போன நாளிலிருந்து சாச்சி மகளுடன் ஆங்கிலத்தில் மட்டுமே பேச முயன்றிருக்கிறார். பாடசாலையில் அப்படித்தான் சொன்னார்களாம். சாச்சிக்குத் தெரிந்த ஆங்கிலம் "கம்", "ஈட்", "ஸ்லீப்", "ஹோம்வேர்க் டன்?" வரைக்கும்தான். கதை சொல்வதிலும் காரணம் கேட்பதிலும் பகிடி விடுவதிலும் கெட்டிக்காரியான ஒரு தாய், தன் பிள்ளையிடம் நாலு சொல் பேசும் தாயாகச் சுருங்கிப் போனார். பிள்ளை நல்ல ஆங்கிலமும் கேட்கவில்லை, ஆழமான தமிழையும் இழந்தது. எங்கள் உம்மம்மா அவளிடம் ஏதும் கேட்டால் "யெஸ்", "நோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பேத்தி தன்னை மதிப்பதில்லை என்று உம்மம்மாவுக்கு மனக்குறை. உண்மையில், நீளமாகப் பதில் சொல்ல அவளிடம் சொல் குறைந்துகொண்டிருந்தது.

நாங்கள் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமல்ல. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 6 விஞ்ஞானப் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே விரித்து வைத்தோம். முதலில் தமிழில் வாசித்து எனக்கு விளங்கப்படுத்துவாள். பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் பார்ப்பாள். ஒரு கொப்பியில் ஏவற் சொற்களை எழுதி, ஒவ்வொன்றும் என்ன வேலை வாங்குகிறது என்று தமிழில் குறித்தோம். முதல் வரியில் 'அக்கவுண்ட் ஃபார்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கிளாஸ் படம் கீறினாள். சாச்சியிடம் உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீ தமிழ்லயே பேசு. இங்கிலீசு அவ ஸ்கூல்ல படிப்பா." அயலில் ஆங்கிலமொழி மூலம் படிக்கும் தங்கை, தம்பி உள்ளவர்கள் நம் வகுப்புகளிலும் பலர் இருக்கிறீர்கள், அந்தக் கொப்பி வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.

அடுத்த தவணையில் விஞ்ஞானத்துக்கு 51 வந்தது. வகுப்பில் இன்னும் அதிகம் பேசுவதில்லையாம். வயிற்று வலி திங்கட்கிழமைகளில் மட்டும் எட்டிப் பார்க்கிறதாம். போன கிழமை சாச்சியின் போனிலிருந்து அவளே அழைத்தாள். ஆவியுயிர்ப்பு என்ற பாடம் தொடங்கியிருக்கிறதாம்.

"ராத்தா, அப்ப மரத்துக்கும் வேர்க்குமா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அதற்குள் போன் கை மாறிவிட்டது. மரத்துக்கு வேர்க்கும் கதையை உம்மம்மாவிடம் சொல்ல வேண்டுமாம்.