பாகிஸ்தானுக்கு அணு உலை, இந்தியாவுக்கு முட்டுக்கட்டை... சீனா காட்டும் 'பழைய ஒப்பந்தம்' என்ன?

அணுசக்தி விநியோக நாடுகள் குழுவில் (என்.எஸ்.ஜி.) சேர இந்தியா 2016 மே மாதம் விண்ணப்பித்தது. அடுத்த மாதமே சியோலில் கூட்டம் கூடியது. இந்தியாவுக்கு இடம் கிடைக்கல. முக்கியத் தடையாக நின்றது சீனா. அதே சீனாதான் பாகிஸ்தானுக்கு அணு உலை கட்டித் தருகிறது. இது எப்படி? பார்க்கலாம்.

என்.எஸ்.ஜி. என்பது என்ன?

1974-ல் பொக்ரானில் இந்தியா அணு சோதனை நடத்தியது. மின்சாரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்த தொழில்நுட்பம் குண்டாக மாறுதே என்று பயந்த நாடுகள் உருவாக்கிய குழு இது. இப்போது 48 நாடுகள் உள்ளன. எல்லாரும் சம்மதிச்சாதான் புது நாடு உள்ளே வர முடியும்.

சீனா சொல்லும் காரணம்

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்கிறது சீனா. 1967-க்கு முன்பு குண்டு வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளை மட்டும் இந்த ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. சீனா வெடித்தது 1964-ல். இது பாரபட்சம் என்பது இந்தியாவின் வாதம்.

பாகிஸ்தானும் கையெழுத்திடவில்லையே?

ஆமாம். ஆனாலும் உதவி போனது. யுரேனியம் செறிவூட்டும் கருவிகளுக்கான சுமார் 5,000 வளைய காந்தங்களை சீன நிறுவனம் பாகிஸ்தானுக்கு விற்றது 1996-ல் அம்பலமானது. 2003 இறுதியில் லிபியா தன் ரகசிய அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டது. பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ.க்யூ.கானின் வலையமைப்பு அந்நாட்டுக்குக் கொடுத்த குண்டு வடிவமைப்பில் சீன மொழிக் குறிப்புகள் இருந்ததாக செய்திகள் வெளியாகின.

2004-ல் சீனா என்.எஸ்.ஜி.யில் சேர்ந்தது. அதன் பிறகும் பாகிஸ்தானின் சஷ்மாவில் 3, 4-வது உலைகளைக் கட்டியது. கேட்டால், "இது குழுவில் சேருவதற்கு முன்பே போட்ட ஒப்பந்தம், சர்வதேச கண்காணிப்பில்தான் நடக்குது" என்பது பதில்.

கூடங்குளத்துக்கும் இதே கதைதான்

பழைய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு பலம்னு கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு சொல்லித்தர வேண்டாம். 1886-ல் போட்ட பெரியாறு குத்தகை 999 வருஷத்துக்கு. அணு உலை விஷயத்திலும் அப்படித்தான். 1992-ல் என்.எஸ்.ஜி. விதிகள் கடுமையாகின. ஆனால் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள் என்று சொல்லித்தான் கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளை ரஷ்யா கொடுத்தது. அமெரிக்கா அதையும் எதிர்த்தது, சஷ்மாவையும் எதிர்த்தது.

இந்தியாவுக்கு என்ன இழப்பு?

2008-ல் கிடைத்த சிறப்பு விலக்கால் இந்தியா இப்போதும் யுரேனியமும் உலைகளும் வாங்கலாம். ஆனால் விதியை மாற்றும்போது பேச இடமில்லை. 2011-ல் செறிவூட்டல், மறுசுத்திகரிப்பு தொழில்நுட்பத்தை தடை ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளுக்குத் தரக்கூடாது என்று குழு முடிவெடுத்தது. அதைத் தடுக்க இந்தியாவுக்கு ஓட்டு இல்லை. சீனாவுக்கு இருந்தது. உள்ளே போகணும்னா அந்த ஓட்டும் வேணும் என்பதுதான் இந்தியாவுக்கு இருக்கும் சிக்கல்.