மாடு மயிலாப்பூரில், புல் எங்கே?

அமாவாசை காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றினால் அகத்திக்கீரைக் கட்டு விற்பவர்களைப் பார்க்கலாம். கோயிலுக்கு வருபவர் ஒரு கட்டு வாங்கி அருகில் நிற்கும் பசுவுக்கு நீட்டுகிறார். கீரையைக் கட்டியிருக்கும் வாழைநாரையும் சேர்த்தே பசு இழுக்கிறது. கொடுத்தவருக்குப் புண்ணியம். மாட்டுக்காரருக்கோ அன்றைய பசுந்தீவனச் செலவில் ஒரு பங்கு மிச்சம். புரதம் மிகுந்த அகத்தியைக் கால்நடை மருத்துவர்களே கறவை மாட்டுக்குப் பரிந்துரைக்கிறார்கள்.

சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. பிரதமையன்று கீரை வாங்கித் தர யாரும் வருவதில்லை. ஆனால் மாட்டுக்குப் பசி அமாவாசைக்கு இருந்த அதே பசிதான்.

மாடு வளர்க்கும் குடும்பத் தொழில் எங்கே நிலைக்கிறது, எங்கே நொடிக்கிறது என்று பார்க்க மாட்டின் இனத்தையோ பால் அளவையோ முதலில் பார்க்க வேண்டியதில்லை. அது தின்னும் புல்லுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். ஒரு லிட்டர் பாலுக்கு ஆகும் உற்பத்திச் செலவில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடு தீவனம். புல் சொந்த நிலத்தில் முளைத்தால் ஒரு கணக்கு, கடையில் வாங்கினால் வேறு கணக்கு. தெருவில் மேய்ந்தால் அந்தக் கணக்கை ஊரே கட்டுகிறது.

ஏரி இருந்த இடம்

தென்சென்னையின் மாட்டுக் குடும்பங்கள் வெளியிலிருந்து நகரத்துக்குள் நுழைந்தவர்கள் அல்ல. நகரம்தான் அவர்களைச் சுற்றி வளர்ந்தது. இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் மாம்பலம் ஏரியும் சேர்ந்து ‘லாங் டேங்க்’ என்ற பெயரில் சென்னையின் மேற்கு எல்லையாக நீண்டு கிடந்தன. 1920களில் அந்த ஏரியை வடித்து மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கு வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இன்றும் இருக்கிறது. அதிலிருந்து பார்க்கத்தான் ஏரி இல்லை.

தமிழ்நாட்டு ஊர்களில் ஏரி பாசனத்துக்கு மட்டும் உரியதன்று. கோடையில் தண்ணீர் வற்றும்போது அதன் உள்வாய் பச்சை விடும். கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புல் இருக்கும். வருவாய்த்துறைப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று தனி வகையே உண்டு. ஏரி மனையானபோது இந்த மேய்ச்சலும் போனது. அடையாறு பக்கம் காந்தி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் என்று குடியிருப்புகள் அடுத்தடுத்து எழுந்தன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எருமைகளுக்குக் கடைசிப் புகலாக நின்றது. அதன் ஒரு பகுதியில் பெருங்குடி குப்பைக்கிடங்கு வந்தது. மிச்சப் பகுதிக்கு 2022இல் ராம்சர் ஈரநில அங்கீகாரம் கிடைத்தது.

புல் போனபிறகும் மாடு போகவில்லை. காரணம், வாடிக்கை. கண் முன்னே கறந்து ஊற்றும் பாலுக்கு மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் என்றும் கிராக்கி உண்டு. ஒரு காலத்தில் பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டி வருவார். கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தோளில் சுமந்து வந்து பசுவின் முன் நிறுத்துவார். அதை நக்கிக் கொடுத்தால்தான் பசு பாலைச் சுரக்கும். ஜெர்சி கலப்பின மாடுகள் வந்தபின் அந்தக் காட்சி மறைந்தது. கோயில் அபிஷேகத்துக்கும் கைக்குழந்தைக்கும் காலைக் காபிக்கும் கறந்த பால் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐந்து மாட்டுக் கணக்கு

சந்துக்குள் ஐந்து கலப்பின மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நானூறு கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனம், நான்கைந்து கிலோ வைக்கோல், அதற்கு மேல் தவிடு, புண்ணாக்கு சேர்ந்த அடர்தீவனம் வேண்டும். உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது அடர்தீவனத்துக்குப் பொது விதி. ஐந்து மாட்டுக்குப் பசும்புல் மட்டும் நாளுக்கு 125 கிலோ. மயிலாப்பூரில் இதை விளைவிக்க ஒரு சென்ட் நிலம்கூடக் கிடைக்காது.

ஐந்தும் ஒரே நேரத்தில் கறக்கவும் செய்யாது. ஒரு ஈத்தில் சுமார் பத்து மாதம் கறவை, பிறகு இரண்டு மாதம் வற்று. சினை பிடிக்கத் தாமதமானால் வற்றுக் காலம் இன்னும் நீளும். அந்த நாட்களில் மாடு ஒரு ரூபாயும் தராது. தீவனத்தை மட்டும் நிறுத்த முடியாது. தெருவில் அவிழ்த்துவிடப்படும் மாடுகளில் வற்றிய மாடுகளும் கிடாரிகளும் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். கறவை மாட்டைக்கூடக் காலைக் கறவை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். வீதி வீதியாகச் சுற்றிவிட்டு மாலைக் கறவைக்கு அது தானே வீடு திரும்பும்.

வரவுப் பக்கம் இந்தக் குடும்பத்துக்கு ஒரு வசதி உண்டு. கிராமத்து உற்பத்தியாளருக்கு ஆவின் தரும் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்து 38 ஆனது. நகரத்தில் வீட்டுக்கு வீடு ஊற்றுபவருக்கு இடையில் சங்கமும் இல்லை, லாரியும் இல்லை. விலையை அவரே சொல்கிறார். அந்தக் கூடுதல் காசுதான் நிலமே இல்லாத பண்ணையை இவ்வளவு காலம் ஓட்டியது.

தெரு மேய்ச்சலின் விலை

2019 அக்டோபரில் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். திருமுல்லைவாயிலைச் சேர்ந்த மாடு. சாணமும் சிறுநீரும் போக முடியாமல் அது வலியில் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேர அறுவையில் அதன் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. மாடு பையைத் தேடித் தின்பதில்லை. முடிச்சுப் போட்டு எறிந்த பையில் இருக்கும் சோற்றுக்காகப் பையோடு விழுங்குகிறது.

சோறும் மாட்டுக்கு நல்லதல்ல. மிஞ்சிய சாதத்தையும் பொங்கலையும் அளவு மீறிப் போட்டால் முதல் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருத்துவமனைகளுக்கு வரும் மாடுகளில் இந்தச் சிக்கல் வழக்கமானது.

மனிதருக்கும் ஆபத்து வந்தது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி ஊரையே உலுக்கியது. அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் மாடு முட்டி முதியவர் ஒருவர் உயிரிழந்தார். மாநகராட்சி அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. 2024இல் முதல் முறைக்கு 10,000, மீண்டும் பிடிபட்டால் 15,000 என்று உயர்த்தியது. பிடித்த மாடுகள் புதுப்பேட்டை, பெரம்பூர் தொழுவங்களுக்குப் போகின்றன. ஆவின் கொள்முதல் விலையில் பார்த்தால் ஒரு முறை பிடிபடுவது 263 லிட்டர் பாலுக்குச் சமம். நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாட்டின் ஒரு மாத உழைப்பு அது. மாட்டுக்கு 36 சதுர அடி இடமாவது வேண்டும் என்கிறது மாநகராட்சி. இடமில்லாதவர்களுக்காக மண்டலந்தோறும் மாட்டுக் கொட்டகை கட்டும் பணியையும் அது தொடங்கியிருக்கிறது. கொட்டகை கூரை தரும். புல் தராது.

மாதவரத்தில் ஒரு முயற்சி

நகரத்து மாடுகளை மொத்தமாக வெளியே கொண்டுபோகும் யோசனை புதிதல்ல. பம்பாய் 1949இல் ஆரே காலனியை உருவாக்கித் தன் எருமைகளை அங்கே நகர்த்தியது. சென்னையில் அதே எண்ணத்தோடு வந்தது மாதவரம் பால் காலனி. அங்கே 1963இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு பால் பண்ணை ஆலை எழுந்தது.

நியூசிலாந்து உதவியது என்பதில் ஒரு சுவை உண்டு. அந்நாட்டின் பால் தொழில் பெரும்பாலும் புல்வெளியை நம்பியது. மாடுகள் ஆண்டு முழுதும் வெளியில் நின்று மேய்கின்றன. நிலம் வாங்கப் பணமில்லாத இளம் குடும்பம் மாட்டை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, நிலக்காரரின் புல்லில் மேய்த்து, பால் வருமானத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம் ஊர் வாரக் குத்தகை போன்றதுதான். மாதவரத்துக்கு ஆலைக்கான உதவி வந்தது. புல்வெளி கப்பலில் வரக்கூடியதல்ல.

கொறங்காடு: சொந்தப் புல்

தமிழ்நாட்டிலேயே குடும்பப் புல்வெளிக்கு முன்மாதிரி இருக்கிறது. திருப்பூர் மாவட்டம் காங்கேயம், தாராபுரம் வட்டாரத்திலும் ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளிலும் உள்ள கொறங்காடு அது. மழை சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. அந்த மண்ணில் ஏர் ஓட்டி நட்டப்படுவதைவிடப் புல்லாகவே விட்டு மேய்ப்பது லாபம் என்று கொங்கு விவசாயிகள் தலைமுறைகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

கொறங்காட்டின் நுட்பம் வேலியில் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக நட்டு வளர்க்கிறார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் படலைத் திறந்து மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். மேய்ப்புக் கூலி மிச்சம் என்பதே இந்தத் தொழிலின் பாதி லாபம். காட்டைப் பல பட்டியாகப் பிரித்து ஒன்று மேய்ந்து முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவார்கள். முந்தையது தழைக்க அவகாசம் கிடைக்கும். புல் காயும் காலத்தில் வெள்வேலங்காய் ஆட்டுக்கு உணவாகும். காடு இல்லாதவர் ஒரு பருவத்துக்குக் குத்தகை எடுப்பார்.

காங்கேயம் பசு கலப்பின மாட்டைப்போலக் கறக்காது. வருமானம் காளைக் கன்றிலும் மேச்சேரி ஆட்டிலும் வருகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பெயர் பெற்றது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இனத்தையும் கொறங்காட்டையும் சேர்த்தே காக்க முனைகிறது. இரண்டில் ஒன்றைத் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பது அந்த வட்டாரத்தின் அனுபவம்.

சென்னைக் குடும்பத்துக்கு எது ஆகும்

அடையாறிலிருந்து திருப்போரூர், செங்கல்பட்டு பக்கம் நிலம் வாங்கிப் பண்ணை வைக்கலாம் என்று எண்ணுபவர்கள் பலர். பால் மாடு என்றால் மேய்ச்சல் மட்டும் போதாது, பாசனத் தீவனம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஹெக்டேருக்கு ஆண்டில் 350 டன்னுக்கு மேல் தரவல்லது. ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 390 கிலோ. காகிதத்தில் பதினைந்து மாட்டுக்குப் போதும். தண்ணீரும் எருவும் குறைந்தால் இது பாதியாகும். அறுத்து, நறுக்கி, போட ஆளும் வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் எட்டிப் பார்க்கும் குடும்பத்துக்கு ஒத்துவராத தொழில் இது. கறவை காலை, மாலை தவறக்கூடாது.

மேய்ச்சலை நம்பித் தொடங்க விரும்புபவருக்குச் செம்மறி ஆடு எளிது. நகரத்தின் பெயரையே தாங்கிய ஓர் ஆட்டினம் இருப்பது சென்னைக்காரர் பலருக்குத் தெரியாது. சென்னைச் சிவப்பு என்னும் அந்த இனம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கு மந்தையும் பயிற்சியும் உண்டு. கடனுக்குக் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்புக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் நூறு பெட்டை, ஐந்து கிடா கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதி, உச்சமாக 10 லட்ச ரூபாய் மானியம். மந்தைக்குக் குடற்புழு மருந்தும், ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு நோய்களுக்குத் தடுப்பூசியும் தள்ளிப்போடக் கூடாதவை.

சொந்த நிலம் சிறியதாக இருந்தால் கிடை முறை இருக்கிறது. இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் மந்தையை மேய்த்து, இரவில் அங்கேயே கிடை போடுகிறார்கள். புழுக்கை உரத்துக்காக நிலக்காரர் அவர்களுக்குப் பணமோ நெல்லோ தருகிறார். புல்லுக்கு விலை கொடுப்பதற்குப் பதிலாக ஆட்டுக்காரர் கூலி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

விற்பனையில் பெரிய நாள் பக்ரீத். கிடாவைப் பெட்டையோடு சேர்ப்பது, ஐந்து மாதச் சினை, ஓராண்டு வளர்ப்பு என்று கூட்டினால் பண்டிகைக்கு ஒன்றரை ஆண்டு முன்பே திட்டமிட வேண்டும். பண்டிகையோ ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2026இல் அது மே மாதக் கடைசியில், சென்னைச் சுற்றுவட்டாரத்தில் புல்லே இல்லாத கத்திரி வெயிலில் வருகிறது. கடைசி மூன்று மாதத் தீவனத்தைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். 2030களின் தொடக்கத்தில் பக்ரீத் மார்ச், ஏப்ரலுக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற புல்லில் கிடாக்கள் மேயும் நாட்கள் கூடும், அதே விலைக்கு விற்றாலும் கையில் நிற்பது கூடும். இன்று மந்தை சேர்ப்பவர் கணக்குப் போட வேண்டியது அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான்.