துப்பாக்கி யாருக்கு?

வேலை கேட்டவனுக்கு, "பொறு!" ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பெருகி வீட்டையும் வயலையும் வாரிக்கொண்டு போகிறதே, கரையைக் கெட்டியாகக் கட்டித் தாருங்கள் என்று கேட்டவனுக்கு, "பார்ப்போம்!" துப்பாக்கி கேட்டவனுக்கு மட்டும், "இந்தா, விண்ணப்பம் போடு!"

அசாமில் ஆளவந்தார் அளித்த விடைகள் இவை, தோழர்களே! 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மாவின் அமைச்சரவை கூடி ஒரு முடிவெடுத்தது. துப்ரி, பார்பேட்டா, நாகான், தெற்கு சல்மாரா-மங்காச்சர் முதலிய மாவட்டங்களில், ஆபத்துக்கு இலக்கான இடங்களில் வாழும் 'பூர்வகுடி'களுக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கப்படும் என்பது முடிவு. அங்கே அவர்கள் சிறுபான்மையாம். எல்லைக்கு அப்பாலிருந்து ஆபத்தாம். ஆகவே கையிலே துப்பாக்கியாம்! சட்டம் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டந்தான். அது டில்லியின் சட்டம். அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உரிமம் கொடுக்கும் கை மாநிலத்தின் கை. அந்தக் கைதான் தளர்ந்தது.

எல்லையில் ஆபத்து என்றால், எல்லைப் பாதுகாப்புப் படை எதற்கு? அதை நடத்துவது டில்லி சர்க்கார். டில்லியில் இருந்ததும் அதே கட்சி. அசாமில் இருந்ததும் அதே கட்சி. அந்தக் கட்சியின் டில்லி சர்க்கார்தான் 2019 டிசம்பரில், ஓர் ஆள் மூன்று துப்பாக்கி வைத்திருப்பது மிகை, இரண்டு போதும் என்று சட்டத்தைத் திருத்தியது! டில்லியிலே குறை என்றார்கள், திஸ்பூரிலே கூட்டு என்றார்கள். எந்த நாக்கை நம்புவது?

'பூர்வகுடி' என்றால் யார்? அசாமில் அதற்குச் சட்டம் வகுத்த இலக்கணம் இல்லை. பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது, குழுக்கள் கூடுகின்றன, முடிந்தபாடில்லை. இலக்கணமே இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, இவன் வீட்டுக்குத் துப்பாக்கி, அடுத்த வீட்டுக்கு இல்லை என்று பிரித்தால் அதன் பொருள் என்ன? பிறப்பைப் பார்த்துப் படைக்கலம்! மனு ஒரு வருணத்தின் கையில் ஆயுதத்தைக் கொடுத்து மற்றவரைக் கைகட்டி நிற்கச் சொன்னானே, அந்தச் சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். குடகு நாட்டாருக்கு வெள்ளையர் காலந்தொட்டு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது பழைய வழக்கம். பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிப் பயமுறுத்திக் கொடுத்ததல்ல.

நாகான் என்ற பெயரைப் படித்தபோது நமக்கு நெஞ்சு துணுக்குற்றது. 1983 பிப்ரவரி 18ஆம் நாள், அன்றைய நாகான் மாவட்டத்து நெல்லியில், சில மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டனர். வங்காள வழிவந்த முஸ்லிம் குடியானவர்கள். பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. பெரும்பாலும் ஈட்டியும் அரிவாளும் செய்த வேலை அது. அந்த மண்ணிலா துப்பாக்கிக்குத் தாராளம்?

அசாமில் நடப்பதற்கு வந்தவாசியில் என்ன கவலை என்று, இங்கே கோரைப் பாய் நெய்யும் தோழரும் ஆரணித் தறியில் பட்டு நெய்யும் தோழரும் கேட்கக்கூடும். 1760 ஜனவரி 22ஆம் நாள் இந்த ஊர்க் களத்தில் அயர் கூட் ஒரு பக்கம், லாலி ஒரு பக்கம். ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் சண்டை. இருபுறமும் சிப்பாய்களாகத் துப்பாக்கி தூக்கியவர்களில் இந்நாட்டவர் எத்தனை பேர்! துப்பாக்கி நம்மவன் தோளில் இருந்தது. யாரைச் சுடுவது என்று சொன்னவன் வேறு ஆள்.

"வெள்ளையன் பறித்த உரிமையைத் திருப்பித் தருவது நல்லதுதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1878இல் லிட்டன் பிரபு படைக்கலச் சட்டம் கொண்டுவந்து இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தார். ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தார். அதே ஆண்டில், அதே லிட்டன், தாய்மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டார். துப்பாக்கியோடு பேனாவையும் கண்டு அஞ்சினார்! ஆகவேதான் 1931இல் கராச்சிக் காங்கிரஸ், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தீர்மானத்திலே சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் யார்? டாக்டர் அம்பேத்கர்! காலம் மாறிவிட்டது, எல்லாருக்கும் அது உரிமை என்றால் கொடியவனும் அதைக் கேட்பானே என்று வாதிட்டார். திருத்தம் தோற்றது. தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் அவர். ஆயுதம் தாராளமானால் முதலில் எவன் கைக்குப் போகும் என்பதை அறியாதவரா?

கீழ்வெண்மணியைக் கேளுங்கள். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்டார்கள், சங்கக் கொடி பிடித்தார்கள், அதுதான் குற்றம். துப்பாக்கியோடு வந்தவர்கள் மிராசுதாரர் பக்கம். ஒரே குடிசையில் கருகியவர்கள் 44 பேர். கூலிக்காரனுக்கும் உரிமம் கொடுத்திருந்தால் சமமாகியிருக்கும் என்று வாதாடுவோர் உண்டு. காவல்துறை அறிக்கை வேண்டும், கலெக்டர் கையொப்பம் வேண்டும், கைத்துப்பாக்கி வாங்கப் பல மாதக் கூலி வேண்டும். எந்தக் கூலிக்காரன் அந்த வாசல்படி ஏறுவான்?

ஆயுதம் கொடுப்பதும் ஆளவந்தாருக்குச் சிக்கன வழி. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவலராக்கி, கையில் துப்பாக்கி கொடுத்து மாவோயிஸ்டுகள் முன்னால் நிறுத்தினார்கள். 2011 ஜூலையில் உச்சநீதிமன்றம், அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. காவல் காப்பது சர்க்காரின் கடமை. அதைக் குடிமகன் தலையில் கட்டுவதற்குப் பெயர் உரிமையா?

வீட்டிலே துப்பாக்கி இருந்தால் அது எதிரிக்காக மட்டும் காத்திருப்பதில்லை. 1967 ஜனவரி 12ஆம் நாள் இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்த குண்டு, எல்லை தாண்டி வந்தவன் சுட்டதல்ல. கூட நடித்த எம்.ஆர்.ராதா சுட்டது. அமெரிக்காவில் 2024க்குள் 29 மாநிலங்கள், உரிமமே இன்றித் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியலாம் என்று சட்டம் செய்துவிட்டன. அந்நாட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் குண்டுக்குப் பலியானோர் 48,000க்கு மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கடன் கொடுத்தவன் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போன இரவை அறிந்த தோழர்களுக்கு, இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

அசாம் சட்டமன்றத்தில் எதிர்வரிசையில் இருப்போர் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஊரில் எத்தனை உரிமம், யாருக்கு, எந்த ஆபத்தைக் காட்டிக் கொடுத்தீர்கள்? மறுக்கப்பட்டவர் யார், என்ன காரணத்தால்? பட்டியல் அவைக்கு வரட்டும்.